கோல்ஃப்ல கடைசி நாள் சூடு பிடிக்கிறது கோர்ஸ் கையிலதான் இருக்கு

ஒரு வாரம் கோல்ஃப் டோர்னமென்ட் பாத்தா கடைசி ரெண்டு மணி நேரம் எழுந்து போகவே மனசு வராது, அடுத்த வாரம் கிட்டத்தட்ட அதே பிளேயர்கள்தான் ஆடுறாங்க, ஆனா ஆட்டம் சப்புன்னு போயிடுது. ஃபார்ம், லீட் எவ்வளவு, யாரு பின்னாடி துரத்துறாங்கன்னு பல காரணம் சொல்லலாம், எல்லாம் உண்மைதான், ஆனா அதுக்கெல்லாம் அடியில இருக்கிற காரணம் கோர்ஸ், அதாவது ஆடுற மைதானம். கோல்ஃப்ல ஒருத்தர் அடிக்கிற பந்தை இன்னொருத்தர் தடுக்கவே முடியாது. எதிர்ல நின்னு ஆடுறது முழுக்க கோர்ஸ்தான். கிரிக்கெட்ல பிட்ச் செத்துப் போயிருந்தா எவ்வளவு பெரிய பேட்ஸ்மேன் ஆடினாலும் மேட்ச் டிரா பக்கம் நகரும் இல்லையா, இங்க பிட்ச் மட்டும் இல்ல பவுலரும் அதுவேதான்.

பொதுவா ரெண்டு கட்சி இருக்கு. கோர்ஸ் கஷ்டமா இருந்தாதான் ஆட்டம் நல்லா இருக்கும்னு ஒரு கட்சி, பர்டி (ஹோலுக்கு வச்ச கணக்கை விட ஒரு அடி கம்மி) மழை பொழிஞ்சாதான் நல்லா இருக்கும்னு இன்னொரு கட்சி. என்னைக் கேட்டா ரெண்டுமே விஷயத்தைத் தொடல. கோல்ஃப்ல கம்மி அடியில முடிக்கிறவர்தான் ஜெயிப்பாரு, அதனால ஒரே ஹோல்ல ஒருத்தர் 3 அடியில முடிக்கவும் வாய்ப்பு இருக்கணும், 7 அடி எடுக்கவும் வாய்ப்பு இருக்கணும், அந்த ரெண்டுல எதுக்குப் போறோம்ங்கிற முடிவு பிளேயர் கையில இருக்கணும். அந்த மாதிரி ஹோல் 18-ல கடைசி ஏழெட்டுல எத்தனை இருக்குங்கிறதுதான் கணக்கு.

கணக்குன்னே போட்டுப் பாருங்களேன். ஒருத்தர் 3 ஷாட் லீட்ல இருக்காரு, 6 ஹோல் பாக்கி. அந்த ஆறுமே நீளமான பார் 4 (நாலு அடியில முடிக்கணும்னு கணக்கு), நல்லா ஆடினா 4, தப்பா ஆடினா 5, அவ்வளவுதான்னா பின்னாடி வர்றவர் மூணு ஹோல் ஜெயிச்சாகணும், அதுவும் லீடர் ஒண்ணுகூட திருப்பி ஜெயிக்காம. பெரும்பாலும் நடக்காது. அதே இடத்துல ஒரு பார் 5 இருக்கு, ரெண்டாவது ஷாட்லயே க்ரீனைப் (குழியைச் சுத்தி ஒட்ட வெட்டின புல்தரை) பிடிச்சா ஈகிள் (பாரை விட ரெண்டு கம்மி) 3 வரும், தவறினா தண்ணியில விழுந்து 6 வரும்னு வைங்க, 3 ஷாட் வித்தியாசம் ஒரே ஹோல்ல காணாம போயிடும். லீடருக்கும் அது தெரியும், அதனால அவரு கையும் லேசா இறுகும்.

இதுக்கு அமெரிக்காவுல இருக்கிற அகஸ்டா நேஷனலை விட நல்ல உதாரணம் கிடையாது. அலிஸ்டர் மெக்கென்சியும் பாபி ஜோன்ஸும் சேர்ந்து டிசைன் பண்ணின கோர்ஸ், இன்னைக்கு மாஸ்டர்ஸ்னு சொல்ற டோர்னமென்ட் 1934-ல அங்க முதல் தடவை நடந்துச்சு. அப்போ இன்னைக்கு நாம பாக்குற பேக் நைன் (பின் பாதி ஒன்பது ஹோல்) முன்னாடி இருந்துச்சு, ஃப்ரண்ட் நைன் பின்னாடி இருந்துச்சு. அப்போ முதல்ல ஆடின பாதி தாழ்வான நிழல் பகுதி, காலையில பனி உறைஞ்சு கிடக்கும், வெயில் ஏறுற வரைக்கும் ஆட முடியாது, அதனால 1935-க்கு முன்னாடி ரெண்டு பாதியையும் மாத்திப் போட்டாங்க. அந்த ஒரு மாற்றத்தாலதான் தண்ணி இருக்கிற ஹோல் எல்லாம் பின் பாதிக்கு வந்து சேர்ந்துச்சு. மாத்தின முதல் வருஷமே ஜீன் சாரசென் 15-வது ஹோல்ல ரெண்டாவது ஷாட்டையே நேரா குழிக்குள்ள போட்டு, ஒரே அடியில 3 ஷாட் பின்தங்கல் தீர்ந்து, பிளேஆஃப்ல (ஸ்கோர் சமமானா ஆடுற கூடுதல் ஆட்டம்) ஜெயிச்சாரு. பழைய வரிசைப்படி இருந்திருந்தா அது ரவுண்டோட முன் பாதியில நடந்த ஒரு நல்ல ஷாட், அவ்வளவுதான்.

1986-ஐயும் பாருங்க, ஜாக் நிக்லஸுக்கு 46 வயசு, அவர் ஜெயிப்பாருன்னு யாரும் எதிர்பாக்கல. அதே 15-வது ஹோல்ல ஈகிள் அடிச்சாரு, 16, 17-ல பர்டி. அவருக்குப் பின்னாடி வந்த செவ் பாலஸ்டெரோஸ் அதே 15-ல, அதே மாதிரி ரெண்டாவது ஷாட்டை க்ரீனுக்கு அடிச்சாரு, பந்து குளத்துல, ஸ்கோர் 6. ஒருத்தருக்கு 3, இன்னொருத்தருக்கு 6, ரெண்டு பேரும் எடுத்தது ஒரே முடிவு. நிக்லஸ் பேக் நைனை 30-ல முடிச்சு ஒரு ஷாட்ல ஜெயிச்சாரு.

12-வது ஹோலைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாக்கணும். வெறும் 155 யார்டு பார் 3, இவங்களுக்கெல்லாம் 8 அயர்ன் 9 அயர்ன் (கிட்ட அடிக்கிற மட்டை) ஷாட், கணக்குப்படி பார்த்தா பயப்படவே வேண்டாம். ஆனா க்ரீன் முன்னாடி பின்னாடி ரொம்பக் குறுகலா, கோணலா கிடக்கு, இடது பக்கம் டீக்கு (முதல் அடி அடிக்கிற இடம்) கொஞ்சம் கிட்ட, வலது பக்கம் கொஞ்சம் தூரம். வலது கை ஆட்டக்காரர் பந்தை லேசா வலது பக்கம் விட்டா அது தூரமும் குறையும், இடது பக்கம் இழுத்துட்டா தூரம் கூடும், அது அந்த ஸ்விங்கோட இயல்பு. க்ரீன் அதுக்கு நேர் எதிரா அமைஞ்சிருக்கு. வலது பக்கம் தவறினா குட்டையா விழுந்து முன்னாடி ஓடுற ரேஸ் க்ரீக் ஓடையில உருளும், இடது பக்கம் இழுத்தா க்ரீனைத் தாண்டி பின்னாடி போய் விழும். இடது கைக்காரங்களுக்கு அந்தக் கோணம் சாதகமா விழுது, மிக்கல்சன் மாதிரி ஆளுங்க அங்க கொஞ்சம் நிம்மதியா நிக்கிறதுக்கு அதுவும் ஒரு காரணம். இது எல்லாத்துக்கும் மேல காத்து மரங்களுக்கு நடுவுல சுழலும், டீயில ஒரு பக்கம் வீசும், க்ரீன் மேல வேற பக்கம் வீசும்.

இது வரைக்கும் டிசைன். இனிமே வர்றது செட்டப், அதாவது அன்னைக்கு ஆட்டத்துக்கு மைதானத்தைத் தயார் பண்றது. கடைசி நாளான ஞாயிறு அன்னைக்கு குழியை வலது பக்கம் வைப்பாங்க, க்ரீக் கரையில புல்லை ஒட்ட வெட்டி வச்சிருப்பாங்க, குட்டையா விழுந்த பந்து கரையில நிக்காம தண்ணிக்குப் போயிடும். 1992-ல ஃப்ரெட் கப்பிள்ஸ் அடிச்ச பந்து அந்தக் கரையில எப்படியோ தங்கிடுச்சு, அவரு பார் எடுத்து டோர்னமென்ட்டையும் ஜெயிச்சாரு, புல் கொஞ்சம் கம்மியா இருந்திருந்தா கதையே வேற. 2016-ல ஜோர்டன் ஸ்பீத் முன் பாதி முடியும்போது 5 ஷாட் லீட், 12-ல ரெண்டு பந்தை தண்ணியில விட்டு 7 எடுத்தாரு, டேனி வில்லெட் ஜெயிச்சாரு. 2019-ல கடைசி ரெண்டு குரூப்புல ஆடினவங்கள்ல நாலு பேரு, மோலினாரி, கெப்கா, ஃபினாவ், போல்டர், எல்லாரும் அங்க தண்ணியில விட்டாங்க, டைகர் வுட்ஸ் மட்டும் குழியைப் பாக்கவே இல்ல, இடது பக்கம் பங்கருக்கு (மணல் பள்ளம்) மேல அடிச்சு, ரெண்டு பட்ல (க்ரீன்ல பந்தை உருட்டுற அடி) பார் எடுத்துட்டு நடந்து போனாரு. அந்த வருஷ மாஸ்டர்ஸ் திரும்பினது அந்த ஷாட்லதான்னு நான் உறுதியா சொல்வேன். ஹைலைட்ஸ்ல அது வெறும் பார்.

16-ல ஞாயிறு குழி வைக்கிற இடம் இதுக்கு நேர் மாறு. இடது பக்கம் கீழ் தட்டுல குழி இருக்கும், க்ரீனோட சரிவு பந்தைத் தானா அந்தப் பக்கம் கொண்டு போகும், 2005-ல டைகர் க்ரீனுக்கு வெளியில இருந்து சிப் பண்ணி அந்தச் சரிவுலயே உருட்டி உள்ள போட்டது அந்தக் குழிக்குத்தான். கொடுக்கவும் செய்யுது, பறிக்கவும் செய்யுது, ரெண்டும் ஒரே பேக் நைன்ல. இன்னொண்ணு, 15 க்ரீனும் 16-ம் பக்கத்துப் பக்கத்துல, பள்ளத்துல, அங்க எழும்புற கூச்சல் மத்த ஹோல்ல நிக்கிறவனுக்கும் கேட்கும். ஸ்கோர்போர்டைப் பாக்காமலே யாரோ ஈகிள் அடிச்சிருக்காங்கன்னு புரிஞ்சிடும். இதையும் கோர்ஸ் டிசைன் கணக்குலதான் சேர்க்கணும், ஹோல்கள் எந்த வரிசையில எங்க சுத்தி வருதுங்கிறது ஒரு க்ரீனோட வடிவத்துக்குக் குறைஞ்ச விஷயமே இல்ல.

ஆனா ஆசை காட்டுற ஹோலுக்கு ஒரு அளவு இருக்கு. ரெண்டு ஷாட்ல போயிடலாம்னு எல்லாருக்கும் சுலபமா தோணினா அது பார் 5 இல்ல, நீளமான பார் 4. அகஸ்டாவுல 13-வது ஹோல் 510 யார்டு இருந்துச்சு, டிரைவர் மட்டையில நல்லா தூரமா அடிக்கிறவங்க ரெண்டாவது ஷாட்டுக்கு 7 அயர்ன், 8 அயர்ன் எடுக்க ஆரம்பிச்சாங்க, யோசிக்கிறதுக்கே ஒண்ணும் இல்லாம போச்சு, அதனால 2023-ல டீயைப் பின்னாடி தள்ளி 545 ஆக்கினாங்க. அதுக்கு முந்தின வருஷம் 15-ஐயும் 20 யார்டு நீட்டி 550. இதுல ஆபத்தும் இருக்கு, ரொம்பத் தள்ளிட்டா எல்லாரும் லே-அப் (தண்ணிக்கு முன்னாடியே நிறுத்துற பாதுகாப்பான அடி) பண்ணிட்டு வெட்ஜ்ல (கிட்டத்துல இருந்து தூக்கி அடிக்கிற மட்டை) ஷாட் அடிப்பாங்க, அப்புறம் ஈகிளும் கிடையாது தண்ணியும் கிடையாது. எல்லாரும் ஒரே முடிவை எடுக்கிற ஹோல், அது எந்த முடிவா இருந்தாலும், செத்த ஹோல்தான். 2025-ல ரோரி மெக்கில்ராய் 13-ல நல்ல லீடோட வந்து, ரிஸ்க் வேண்டாம்னு லே-அப் பண்ணி, கையில வெட்ஜோட அடிச்ச மூணாவது ஷாட்டை க்ரீக்ல விட்டு 7 எடுத்தாரு, அப்புறம் 15-ல மரத்தைச் சுத்தி வளைச்சு ரெண்டாவது ஷாட்டையே குழிக்குப் பக்கத்துல வச்சாரு, கடைசியில ஜஸ்டின் ரோஸோட பிளேஆஃப் ஆடி ஜெயிச்சாரு. சேஃப் ரூட்லயும் கொஞ்சம் பல் இருந்தாதான் அந்த ஹோல் முழுசு.

இப்போ இன்னொரு பெரிய கோல்ஃப் டோர்னமென்ட்டான யுஎஸ் ஓபன் பக்கம் வருவோம். அங்க வேற தத்துவம், ஃபேர்வேயை (நடுவுல வெட்டி வச்ச புல் பாதை) குறுக்கு, ரஃபை (அதோட ஓரத்துல இருக்கிற அடர்ந்த புல்) முழங்கால் வரைக்கும் வளர விடு, க்ரீனைக் கல்லாக்கு, பார் எடுக்கிறவன் ஜெயிக்கட்டும். 1974-ல விங்டு ஃபுட் கோர்ஸ்ல ஹேல் இர்வின் ஜெயிச்ச ஸ்கோர் 7 ஓவர், அதாவது மொத்தப் பாரை விட 7 அதிகம். இந்த மாதிரி செட்டப்ல வேற மாதிரி ஒரு விறுவிறுப்பு உண்டு, அதை நான் மறுக்கல, 2006-ல அதே விங்டு ஃபுட்ல 18-வது டீயில மிக்கல்சனுக்கு ஒரு பார் போதும், டபுள் போகி (போகின்னா பாரை விட ஒண்ணு அதிகம், டபுள்னா ரெண்டு), அவருக்கு முன்னாடி மாண்ட்கோமரியும் அதே ஹோல்ல டபுள் போகி, முன்னாடியே முடிச்சிட்டு உக்காந்திருந்த ஜெஃப் ஓகில்வி ஜெயிச்சிட்டாரு. விழுறதைப் பாக்குற பதட்டம் அது. துரத்திப் பிடிக்கிற சுகம் அதுல கிடைக்காது.

அடர்ந்த ரஃப்போட பெரிய குறையே அது யோசனையைக் கொன்னுடும். பந்து உள்ள போச்சுன்னா உலகத்துல முதல் இடத்துல இருக்கிறவனும் நூறாவது இடத்துல இருக்கிறவனும் ஒரே காரியம்தான் பண்ண முடியும், வெட்ஜை எடுத்து பக்கவாட்டுல ஃபேர்வேக்குத் தட்டி விடணும். திறமைக்கு அங்க வேலையே இல்ல. பைன்ஹர்ஸ்ட் நம்பர் 2 இதுக்கு நல்ல பதில் சொல்லுச்சு. டொனால்ட் ராஸ் போட்ட பழைய கோர்ஸ், பில் கூரும் பென் க்ரென்ஷாவும் அதைத் திருப்பிப் பழைய நிலைக்குக் கொண்டு வந்தப்போ ரஃபை முழுசா எடுத்துட்டு ஃபேர்வே ஓரத்துல மணலும் கொத்துக் கொத்தா காட்டுப் புல்லுமா விட்டாங்க. அங்க பந்து போனா சுத்தமான மணல்ல கிடக்கலாம், புல்லுக்கு அடியிலயும் கிடக்கலாம், போய்ப் பாத்தாதான் தெரியும், அதுக்கப்புறம் என்ன பண்ணலாம்னு ஒரு யோசனை பிறக்கும். அதோட க்ரீன் எல்லாம் ஆமை ஓடு மாதிரி நடுவுல உசந்து ஓரத்துல சரிஞ்சிருக்கும், தவறின பந்து தள்ளிப் போய் நிக்கும், அங்க இருந்து பட் பண்ணலாம், சிப் பண்ணலாம், உருட்டலாம்.

2024 யுஎஸ் ஓபன் அங்கதான். மெக்கில்ராய் கடைசி நாலு ஹோல்ல மூணு போகி, அதுல 16-லயும் 18-லயும் தவறவிட்டது ரெண்டுமே ரொம்பச் சின்ன பட். பின்னாடி பிரைசன் டிஷாம்போ 18-ல டிரைவை இடது பக்கம் மணல்ல, மரத்துக்குப் பக்கத்துல விட்டாரு, முழு ஸ்விங் பண்ண இடமில்ல, எப்படியோ வெட்டி முன்னாடி இருக்கிற பங்கர்ல கொண்டு போட்டாரு, அங்க இருந்து 55 யார்டு. நீளமான பங்கர் ஷாட் கோல்ஃப்ல ரொம்பக் கஷ்டமான ஷாட், அதை நாலு அடிக்குள்ள வச்சு பார் எடுத்து ஒரு ஷாட்ல ஜெயிச்சாரு. அதே இடத்துல பழைய ஸ்டைல் ரஃப் இருந்திருந்தா பக்கவாட்டுல ஒரு தட்டு, அப்புறம் ஒரு வெட்ஜ், நாம பாத்த அந்த அஞ்சு நிமிஷமே நடந்திருக்காது.

க்ரீன் வேகம்னு ஒண்ணு இருக்கு, இங்கதான் செட்டப் பண்றவங்க அடிக்கடி எல்லை தாண்டுறாங்க. 1935-ல ஓக்மாண்ட்ல நடந்த யுஎஸ் ஓபனைப் பாத்துட்டு எட்வர்ட் ஸ்டிம்ப்ஸன்ங்கிறவர் க்ரீன் வேகத்தை அளக்க ஒரு கருவி கண்டுபிடிச்சாரு, சரிவான ஒரு பட்டையில இருந்து பந்தை உருட்டி எத்தனை அடி போகுதுன்னு பாக்குறது, அதுதான் ஸ்டிம்ப்மீட்டர். பழைய கோர்ஸ்ல க்ரீன் சரிவெல்லாம் போட்ட காலத்துல புல் இவ்வளவு ஒட்ட வெட்ட முடியாது, பந்து மெதுவா உருளும், அதுக்கு ஏத்த சரிவு. இன்னைக்கு அதே சரிவுல வேகத்தைக் கூட்டினா பந்து எங்கயும் நிக்காது. குழி வைக்க இடமும் சுருங்கும், 4 நாளுக்கு 4 நல்ல இடம் கிடைக்கிறதே கஷ்டம்.

யுஎஸ் ஓபன் நடந்த ஷினகாக் ஹில்ஸ் கோர்ஸ்ல இது ரெண்டு தடவை நடந்துச்சு. 2004 கடைசி நாள், 7-வது பார் 3 க்ரீன் காஞ்சு போய், நல்ல ஷாட்டும் நிக்காம உருண்டு வெளியில போச்சு, ஒரு குரூப்புக்கும் அடுத்த குரூப்புக்கும் நடுவுல தண்ணி தெளிச்சு சமாளிச்சாங்க, அன்னைக்கு ஒருத்தர்கூட பாருக்குக் கீழ வரல. 2018-ல திரும்ப அங்கயே சனிக்கிழமை. காலையில ஆடின ஃபினாவும் டேனியல் பெர்கரும் 66 அடிச்சாங்க, மதியம் காத்தும் வெயிலும் சேர்ந்து க்ரீன் இறுகிப் போச்சு, லீட்ல இருந்த டஸ்டின் ஜான்சன் 77, 11 ஷாட் பின்னாடி இருந்த ரெண்டு பேரும் சாயங்காலம் லீடர் இடத்துல. பேப்பர்ல பாத்தா பெரிய திருப்பம், ஆனா பாக்குறவங்களுக்கு அது ஏமாத்தமாதான் இருந்துச்சு, ஏன்னா நல்ல ஷாட்டுக்கும் கெட்ட ஷாட்டுக்கும் ஒரே பலன் கிடைக்கும்போது முடிவு எடுக்கிறதுக்கு அர்த்தமே இல்ல. 1999 பிரிட்டிஷ் ஓபன் நடந்த கார்னூஸ்டியும் இப்படித்தான், ஃபேர்வே ஒல்லியா, ரஃப் காடா, முதல் நாள் லீட் பண்ணின ராட் பாம்ப்ளிங் 71-க்கு அப்புறம் 86 அடிச்சு, ரெண்டு நாள் முடிஞ்சதும் ஆளைக் குறைக்கிற கட்டுலயே வெளியேறினாரு. எல்லாரும் ஞாபகம் வச்சிருக்கிறது ஜான் வான் டி வெல்ட் 18-ல 3 ஷாட் லீடோட வந்து 7 எடுத்ததைத்தான், அதைக் குடுத்தது பாரி பர்ன் ஓடை, அதோட அவர் எடுத்த முடிவு. வாரம் முழுக்கப் பிளேயர்களைப் பிழிஞ்ச ரஃபை யாரும் நினைச்சுப் பாக்கிறதே இல்ல.

மறுபக்கம் ஹவாய்ல இருக்கிற கபாலுவா கோர்ஸ். 2022 ஜனவரியில காத்து இல்ல, க்ரீன் மெத்துன்னு இருந்துச்சு, கேமரன் ஸ்மித் 34 அண்டர் (பாரை விட 34 கம்மி), ஜான் ராம் 33 அண்டர் அடிச்சும் ரெண்டாவது. அது பசிபிக் காத்துக்காகவே போட்ட கோர்ஸ், அதனாலதான் ஃபேர்வே அவ்வளவு அகலம், காத்து நின்னுட்டா அதுக்கிட்ட ஆயுதமே இல்ல. ஒவ்வொரு ஹோல்லயும் பர்டி வந்தா பர்டிக்கு மதிப்பு போயிடும், பார் எடுத்தவன் தோத்தவன், அது பட் பண்ற போட்டியா சுருங்கிடும். மழை பெஞ்ச வாரத்துல எந்த கோர்ஸுக்கும் இதே கதி, பந்து விழுந்த இடத்துலயே நிக்கும், பங்கர் எங்க இருக்கு சரிவு எங்க இருக்குன்னு டிசைனர் யோசிச்சதெல்லாம் வீண். என் பார்வையில கெட்டியான மண்ணுதான் செட்டப்ல முதல் விஷயம், ரஃப் உயரம், கோர்ஸ் நீளம் எல்லாம் அப்புறம்.

டிபிசி சாக்ராஸ் 17-வது ஹோலைப் பத்தி எப்பவும் சண்டை நடக்கும். பீட் டை டிசைன், அந்தத் தீவு க்ரீன் யோசனை அவரு மனைவி ஆலிஸ் டை குடுத்தது, மணலுக்காகத் தோண்டித் தோண்டி அங்க ஒரு பள்ளமே ஆயிடுச்சு, அதுல தண்ணியை விட்டு நடுவுல க்ரீனை வச்சிட்டாங்க. 137 யார்டு. இதுல முடிவுன்னு ஒண்ணும் இல்லையே, எல்லாரும் அங்கதானே அடிச்சாகணும்னு விமர்சனம், நியாயம்தான், நான் சொன்ன அளவுகோல்படி பாத்தா அது குறையுள்ள ஹோல். ஆனா அது 17-வதா இருக்கிறதுதான் சூட்சுமம், 5-வதா இருந்திருந்தா ஒரு வேடிக்கை, இங்க அது ரவுண்டு முழுக்கப் பிளேயர் மனசுல உக்காந்திருக்கு. 2013-ல செர்ஜியோ கார்சியா டைகரோட சமமா அங்க வந்து ரெண்டு பந்தை தண்ணியில விட்டு 7, 2015-ல ரிக்கி ஃபௌலர் ஒரே ஞாயிறுல பிளேஆஃப் சேர்த்து அதே ஹோல்ல மூணு தடவை பர்டி. ரவுண்டுக்கு ஒண்ணுன்னா சரி, ரெண்டு வச்சா வெறும் சூதாட்டம்.

முடிவும் வேணும், ரெண்டு பக்கமும் பலன் வேணும்னா டிரைவ்லயே எட்டிடலாம்ங்கிற குட்டி பார் 4-க்கு மேல ஒண்ணு இல்ல. ரிவியேரா 10-வது, 315 யார்டு, பெரிய பெரிய ஆளுங்களே அங்க 5, 6 எடுத்திருக்காங்க. 2025 யுஎஸ் ஓபன்ல ஓக்மாண்ட் வாரம் முழுக்க எல்லாரையும் அடிச்சு நொறுக்குச்சு, மழையில நனைஞ்ச ஞாயிறு சாயங்காலம் ஜே ஜே ஸ்பான் 17-ல 314 யார்டு பார் 4 க்ரீனை டிரைவ்லயே பிடிச்சு பர்டி, 18-ல 64 அடி பட் போட்டு இன்னொரு பர்டி, மொத்தம் 1 அண்டர், வேற ஒருத்தரும் பாருக்குக் கீழ இல்ல. அவ்வளவு கொடூரமான கோர்ஸ்லயும் கடைசிக்கு முந்தின ஹோல் ஒரு கதவைத் திறந்து வச்சிருந்ததாலதான் அப்படி ஒரு முடிவு கிடைச்சுச்சு.

அமெரிக்காவும் ஐரோப்பாவும் மோதுற ரைடர் கப்ல ஹோம் கேப்டனே செட்டப் முடிவு பண்ணலாம், அதனால அங்க இது வெளிப்படையான ஆயுதம். 2018 பாரிஸ்ல ஐரோப்பா ஃபேர்வேயைக் குறுக்கி ரஃபை வளர்த்து அமெரிக்காவோட டிரைவர் பலத்தைக் கட்டிப் போட்டு 17.5-10.5 ஜெயிச்சாங்க. 2025 பெத்பேஜ்ல அமெரிக்கா ரஃபை வெட்டி க்ரீனை மெத்துன்னு வச்சாங்க, ஐரோப்பா ஒவ்வொரு பட்டா அள்ளி அள்ளிப் போட்டு 15-13 ஜெயிச்சாங்க, செட்டப் தப்பாயிடுச்சுன்னு கேப்டன் கீகன் பிராட்லியே ஒத்துக்கிட்டாரு.

தூரம் கூடிக்கிட்டே போகுது, அகஸ்டா பக்கத்து கிளப் நிலத்தையே வாங்கி 13-வது டீயைத் தள்ள முடியும், மத்த கோர்ஸுக்கு அதுக்குக் காசும் இல்ல இடமும் இல்ல. அப்படிப்பட்ட கோர்ஸ்ல இனிமே பெரிய டோர்னமென்ட் வேலைக்காகாதுன்னு சொல்றவங்க 2013 யுஎஸ் ஓபன் நடந்த மெரியன் கோர்ஸைப் பாக்கணும். மொத்தம் 6,996 யார்டு, இன்னைக்குக் கணக்குக்கு ரொம்பக் குட்டி, ஆனா ஜஸ்டின் ரோஸ் ஜெயிச்ச ஸ்கோர் 1 ஓவர். கடைசி நாள் மிக்கல்சன் 10-வது குட்டி பார் 4-ல ஃபேர்வேக்கு வெளியில இருந்து சுமார் 75 யார்டு ஷாட்டை நேரா குழிக்குள்ள போட்டு ஈகிள் எடுத்து லீட் பிடிச்சாரு. அவரைச் சாய்ச்சது எந்த 500 யார்டு பார் 4-ம் இல்ல, கோர்ஸ்லயே ரொம்பக் குட்டியான 13-வது பார் 3-ல வெட்ஜ் ஷாட் க்ரீனைத் தாண்டிப் போய் போகி, 15-ல திரும்பக் கையில வெட்ஜ், திரும்ப போகி, ஆறாவது தடவையா யுஎஸ் ஓபன்ல ரெண்டாவது இடம்.